மூடிய செவியும் திறந்த செவியும்

தோற்றுவாய்

கண்ணுக்கு இமையைப் படைத்த இறைவன் செவிக்கு இமையைப் படைத்தானில்லை. வேண்டாத காட்சியை நாம் ஒரு நொடியில் மறைத்துவிடலாம். வேண்டாத ஓசையை அங்ஙனம் மறைத்தல் ஒல்லாது. நாம் உறங்குங்காலும் செவி விழித்தே இருக்கின்றது. கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்துக் கேள்வி என்பதற்குத் திருவள்ளுவர் தனியே ஓர் அதிகாரம் வகுத்திருத்தலும் இவ்வுறுப்பின் பெருமையைப் புலப்படுத்தும்.

இமையில்லாத இவ்வுறுப்புக்கு மனிதன் தானே ஓர் இமையைச் செய்துகொண்டான். ‘ஹெட்போன்’ என்று யாவரும் வழங்கும் கருவியே அது. வேளச்சேரி நிலையத்தினின்று கடற்கரை நோக்கிச் செல்லும் பறக்கும் ரயிலில் காலை வேளையில் ஏறிப் பார்ப்பவர், தம்மைச் சூழ அமர்ந்திருக்கும் இளைஞர் பலர் இக்கருவியைப் பூண்டு, ஒருவர் அறியாததோர் உலகில் மற்றவர் உலாவுதலைக் காண்பர். இக்கருவிகளுள் உயர்தரமானவை இருவகைப்படும். ஒருவகை, பின்புறம் கிண்ணம்போல் முற்றும் மூடப்பெற்றது. மற்றொருவகை, பின்புறம் வலைபோல் திறந்துவிடப்பெற்றது. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வழக்கு மாணவர் விடுதிகளில் அடிக்கடி எழுகின்றது. இலட்ச ரூபாயைக் கடந்த விலையுள்ள கருவிகள் இருவகையிலும் உள்ளமையால், விலையைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. ஆகலின், இவற்றின் வரலாறும், அமைப்பும், குணமும், குறையும் இன்னவென முறையே ஆராய்வாம்.

கருவியின் வரலாறு

இக்கருவி முதற்கண் இசைக்கென எழுந்ததன்று. தந்தி, டெலிபோன் வேலை பார்த்தவர்க்கு உதவியாகவே அது தோன்றிற்று. அமெரிக்க நாட்டு யூட்டா மாகாணத்தைச் சார்ந்த நத்தானியேல் பால்டுவின் என்பார் செய்த கருவியை 1910-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படையினர் ஏற்றுக்கொண்டனர். அதன் பின்னரே ஹெட்போன் நன்கு பரவலாயிற்று.

நம் சென்னையிலும் இக்கருவிக்கு ஒரு பழைமையுண்டு. 1924-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானி ரேடியோ சங்கம் ஏற்பட்டு, ஒலிபரப்புத் தொடங்கியது. அக்காலத்தில் ‘கிரிஸ்டல்’ பெட்டி வைத்திருந்தவர்க்கு மின்சாரமும் வேண்டுவதில்லை. ஒலியைப் பெருக்கும் கருவியும் இல்லை. வானில் வந்த சிறிதளவு ஆற்றலே ஒலியாக மாறவேண்டியிருந்தமையால், செவியோடு செவியாக ஹெட்போனை அணிந்தாலன்றிப் பாட்டுக் கேட்டல் அரிது. 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் தொடங்கியதன் பின், வால்வுப் பெட்டிகளும் ஒலிபெருக்கிகளும் வீடுகளிற் பெருகின. பலர் கூடியிருந்து கேட்கும் வழக்கம் வந்தது. தனித்துக் கேட்டல் போய்க் கூடிக் கேட்டல் வந்த அக்காலத்தை எண்ணும்போது, நாம் இன்று மீண்டும் தனித்துக் கேட்கும் நிலைக்குத் திரும்பியுள்ளமை வியப்பாகும்.

ஜெர்மனி நாட்டில் ஆய்கன் பையர் என்பாரது தொழிற்சாலை 1937-ஆம் ஆண்டில் செய்த கருவியே, கம்பிச்சுருளும் காந்தமும் கொண்டு இயங்கும் இக்கால ஹெட்போன்களுக்கு முன்னோடி. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜான் காஸ் என்பார், இரண்டு செவிக்கும் வெவ்வேறு ஒலி செல்லும் ஸ்டீரியோ ஹெட்போனை இசையன்பர்க்கென வெளியிட்டார். இவையெல்லாம் மூடிய வகையின. வெளியோசை புகாவண்ணம் செவியை இறுக அடைத்தலே நல்ல கருவிக்கு இலக்கணம் என்று அந்நாளில் எண்ணினர். 1968-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸென்ஹைஸர் நிறுவனத்தார் வெளியிட்ட எச்.டி. 414 என்னும் இலேசான கருவி அவ்வெண்ணத்தை மாற்றிற்று. மஞ்சள் நிற நுரைமெத்தையோடு வந்த அக்கருவியின் பின்புறம் திறந்திருந்தது. திறந்த வகையின் வரலாறு அதனோடு தொடங்குகின்றது.

அமைப்பும் காரணமும்

இருவகைக்கும் உள்ளுறுப்பு ஒன்றே. மெல்லியதோர் அதிர்தகடு, அதனை இயக்கும் கம்பிச்சுருள், காந்தம் ஆகிய மூன்றும் அதனுள் அமைந்திருக்கும். சில உயர்தரக் கருவிகளில் கம்பியே தகட்டின்மேல் பரப்பிவைக்கப்பட்டு, தகடு முழுதும் ஒருங்கே அசையும். எவ்வாறாயினும் தகடு முன்னே செல்லும்போது செவிப்பக்கத்துக் காற்று நெருக்கமுறும். அந்நேரத்திலேயே பின்பக்கத்துக் காற்று தளர்ச்சியுறும். எனவே, செவியை நோக்கி ஓரொலி செல்லுங்கால், அதற்கு நேர்மாறானதோர் ஒலி பின்புறமும் பிறக்கின்றது. இப்பின்னொலியை என் செய்வது என்பதே ஹெட்போன் செய்வார்க்கு முதல் வினாவாகும். அதனை வெளியே விட்டுவிடுவது திறந்த வகை. உள்ளேயே அடக்கி அழிக்க முயல்வது மூடிய வகை.

சென்னையின் வெப்பநிலையில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்லும். ஒரு கட்டைச் சுருதியில் ஆடவர் பாட்டுக்குச் சேர்க்கப்பெற்ற தம்புராவின் மந்தர ஸட்ஜக் கம்பி, நொடிக்கு 65 முறை அளவில் அதிரும். அதன் அலைநீளம் 5 மீட்டருக்கு மேற்படும். அதே கம்பியில் பிறக்கும் மேலொலிகளுள் நொடிக்கு 5,000 முறை அதிரும் ஒன்றின் அலைநீளமோ 7 சென்டிமீட்டரே. ஹெட்போன் கிண்ணத்தின் அகலமும் ஏறக்குறைய அத்துணையே. ஆகவே, தாழ்ந்த ஒலிக்குக் கிண்ணம் ஒரு பொருட்டன்று. உயர்ந்த ஒலிக்கோ அது நான்கு சுவருள்ள ஓர் அறையாகின்றது. பின்னொலி அச்சுவர்களில் மோதித் திரும்பி, மெல்லிய தகட்டினூடே மீண்டும் செவியை அடையும். சில சுரங்கள் மிகவும், சில சுரங்கள் குறையவும் இதுவே ஏதுவாம். கிண்ணத்துட் பேசுவான் குரல் கிண்ணத்தின் குரலாக மாறுதல்போல என்று கொள்க.

அன்றியும், மூடிய கிண்ணத்துட் சிறைப்பட்ட காற்று வில்லுச்சுருள்போல் தகட்டை எதிர்த்துத் தள்ளும். அதனால் தகட்டின் இயல்பான ஒத்ததிர்வு மேலே நகர்கின்றது. செய்வோர் திறமுடையராயின், இதனையும் நன்மையாக்கிக்கொண்டு தாழ்ந்த ஒலிக்கு உறுதியும் திண்மையும் தருவர். திறனிலராயின், மிருதங்கத்தின் தொப்பி ஓசை குடத்தில் அடித்தாற்போல ஒலிக்கும்.

திறந்த வகையின் குணாகுணங்கள்

திறந்த வகையில் பின்னொலி தடையின்றி வெளியேறுகின்றமையின் உள்மோதல் குறைவு. ஆதலால் ஒலி தெளிவாகவும் அகலமாகவும் தோன்றும். பாடுவோர் நம் தலையினுள் இருந்து பாடுவதுபோன்ற உணர்ச்சி ஹெட்போன் யாவற்றிற்கும் பொதுக்குறையாகும். ஏனெனில், சபையில் இடப்புறத்து ஒலி வலச்செவியையும் சிறிது சென்று சேர்கின்றது, ஹெட்போனில் அங்ஙனம் சேர்வதில்லை. இக்குறை திறந்த வகையிலும் முற்றும் நீங்கவில்லை. எனினும், சுவர் இல்லாத திண்ணையில் அமர்ந்து கேட்பதுபோன்றதோர் உணர்ச்சி அதில் உண்டாகின்றது. காற்றோட்டமுண்மையால் நம் ஊர் வெயிற்காலத்தில் செவி வியர்த்தலும் குறையும்.

இதன் குறைகள் இரண்டு. ஒன்று, வெளியோசையை இது தடுப்பதேயில்லை. மற்றொன்று, நாம் கேட்பதனை அருகிருப்பார்க்கும் கேட்பிக்கின்றது. கம்பிச்சுருள் கொண்ட திறந்த கருவிகளுட் பலவற்றில் மிகத் தாழ்ந்த ஒலி மெலிந்திருத்தலும் உண்டு. தகடு முழுதும் ஒருங்கசையும் கருவிகளில், மெத்தை செவியைச் சூழ நன்கு பொருந்தினால், இம்மெலிவு பெரும்பாலும் தோன்றாது.

மூடிய வகையின் குணாகுணங்கள்

மூடிய வகையின் முதற்குணம் தடுத்தல். நல்லதொரு மூடிய கருவி, உயர்ந்த சுருதியுள்ள வெளியோசையை 20 டெசிபெல் அளவிலோ அதற்கு மேலோ குறைத்துவிடும். ஆனால் பேருந்து எஞ்சினின் உறுமல்போன்ற தாழ்ந்த ஓசையை அத்துணைக் குறைப்பதில்லை. எதிரொலியைப் பிறப்பித்து ஓசையைத் தணிக்கும் மின்முறை அத்தாழ்ந்த ஓசையிலேயே நன்கு பயன்படுகின்றது. ஆதலின், பயணத்துக்கென விற்கப்படும் கருவிகள் இரண்டு முறைகளையும் சேர்த்து அமைக்கப்படுகின்றன.

மூடிய வகை தன் மெத்தை செவியைச் சுற்றி இடைவெளியின்றிப் பொருந்துதலையே பெரிதும் நம்பியிருக்கின்றது. மூக்குக்கண்ணாடியின் காலோ அடர்ந்த மயிரோ ஒரு சிறு வழியை உண்டாக்கினும், தாழ்ந்த ஒலி அவ்வழியே ஒழுகிப் போய்விடும். ஒரே கருவியைப் பற்றி இருவர் மாறுபட்ட தீர்ப்புக் கூறுதற்கு இஃது ஒரு காரணம். கண்ணாடி அணிந்த மாணவர் வாங்குமுன் இதனைச் சோதித்தறிக.

பின்னொலியை அடக்கும் கலை இந்நூற்றாண்டில் வெகுவாக வளர்ந்துள்ளது. ஸென்ஹைஸர் நிறுவனத்தார் 2009-இல் வெளியிட்ட எச்.டி. 800 திறந்த வகையிற் பெயர்பெற்றது. அதனை மூடிய வகையாக்கி 2018-இல் எச்.டி. 820 என்பதனை வெளியிட்டனர். அதன் பின்புறம் உட்குழிந்த கண்ணாடியால் மூடப்பெற்றது. பின்னொலி அக்குழிவில் பட்டுத் திரும்பி, ஓசையை உறிஞ்சும் பகுதிகளிற் சென்று மடியுமாறு அதனை வகுத்தனர். பிரான்ஸ் நாட்டு போக்கல் நிறுவனத்தார் 2016-இல் யுடோபியா என்னும் திறந்த கருவியையும், 2019-இல் ஸ்டெல்லியா என்னும் மூடிய கருவியையும் வெளியிட்டனர். இரண்டிலும் அதிர்தகடு பெரிலியம் என்னும் இலேசும் விறைப்பும் ஒருங்குடைய உலோகத்தாலாயது. அமெரிக்காவில் டான் கிளார்க் ஆடியோ நிறுவனத்தார் வரிசையை மாற்றி, 2021-இல் ஸ்டெல்த் என்னும் மூடிய கருவியை முதலில் வெளியிட்டு, 2022-இல் எக்ஸ்பான்ஸ் என்னும் திறந்த கருவியைப் பின்னர்த் தந்தனர். இவ்விரண்டிலும் தகட்டிற்கும் செவிக்கும் இடையே நுண்ணிய குழாய்களும் அறைகளும் கொண்டதோர் அமைப்பு வைக்கப்பட்டு, வேண்டாத எதிரொலியை விழுங்குகின்றது. ஆகவே, மூடிய வகை என்றும் தாழ்ந்ததே என்று முன்னோர் கூறிய தீர்ப்பு இன்று பொருந்தாது. ஆயினும், திறந்த வகையில் எளிதாகக் கிடைப்பதனை மூடிய வகையிற் பெறுதற்கு மிக்க முயற்சியும் பொருளும் வேண்டும் என்பது இன்னும் உண்மையே.

வேளச்சேரியில் ஒரு சோதனை

நூலறிவோடு அமையாது, விலையால் ஏறக்குறைய ஒத்த இருவகைக் கருவிகளை நண்பரிடம் இரவலாகப் பெற்று, வேளச்சேரியில் யாம் வாழும் சிறு வீட்டில் இரண்டு நாள் சோதித்துப் பார்த்தேன். உரத்த ஒலியே நல்லொலி என மனம் மயங்குமாதலால், இரண்டன் ஒலியளவையும் இயன்றவரை சமமாக்கிக்கொண்டேன். கேட்டவை தம்புரா, நாகஸ்வரம், மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஆகிய மூன்று.

தம்புராவைத் தேர்ந்ததற்குக் காரணமுண்டு. நம் சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியிற் பயின்ற ஸர். சி. வி. ராமன் அவர்கள் 1921-இல் வீணை, தம்புரா இவற்றின் குதிரையைப்பற்றி ஆராய்ந்து, மேனாட்டு நூல் விதிப்படி பிறக்கலாகாத மேலொலிகளும் இவற்றிற் பிறத்தலைக் காட்டினார். கம்பியை எவ்விடத்தில் மீட்டினும் மேலொலிகள் நிறைந்து ஒலித்தற்கு வளைந்த குதிரையும், தம்புராவில் அதன்மேல் வைக்கும் ஜீவா நூலும் ஏதுவாம். ஆகவே, மேலொலிகளைக் கருவி எவ்வாறு காட்டுகின்றது என்றறிய இதனினும் சிறந்த உரைகல் இல்லை.

நள்ளிரவு கடந்து, ரயில் ஓய்ந்து, சாலையும் அடங்கிய வேளையில் திறந்த கருவியே மேம்பட்டது. தம்புராவின் மேலொலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்து மறைதலை அதிற் பிரித்தறிய முடிந்தது. மூடிய கருவியிலும் அவை கேட்டன. ஆயின் ஓரிரண்டு மேலொலி மற்றவற்றினும் முந்தி நின்றது. மிருதங்கத்தின் தொப்பி ஓசைக்கோ மூடிய கருவியே ஏற்றம் பெற்றது.

மாலை 6 மணிக்குச் சன்னல் திறந்து சோதித்தபோது தீர்ப்பு தலைகீழாயிற்று. தாம்பரம் சாலையில் ஊதுகுழல்களும், மீனம்பாக்கத்து வானூர்திகளின் முழக்கமும், பக்கத்து வீட்டு மிக்ஸியின் இரைச்சலும் திறந்த கருவியின் வலையினூடே தாராளமாக நுழைந்தன. தம்புரா இருந்த இடமே தெரியவில்லை. ஒலியைக் கூட்டக் கூட்ட, அதே மேசையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் தம்பி தலைநிமிர்ந்து, “அண்ணா, எனக்கும் கேட்கிறது” என்றான். அவன் குற்றஞ்சாட்டவில்லை, உள்ளதைச் சொன்னான். நான் உடனே மூடிய கருவியை எடுத்தேன். தம்பிக்கு அமைதியும் எனக்கு நாகஸ்வரமும் கிடைத்தன. மூடிய வகையே நம் ஊருக்கு ஏற்றது என்று அப்போதே முடிவு கட்டினேன்.

அம்முடிவு அன்றிரவளவும் நிற்கவில்லை. தனி ஆவர்த்தனம் முடியுந் தறுவாயில் என் தோளை ஒரு கை தொட்டது. திரும்பிப் பார்த்தேன்; பாட்டியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தண்ணீர் வேண்டி அடுத்த அறையிலிருந்து பலமுறை அழைத்திருக்கின்றார். என் செவியில் விழவில்லை. நடத்தல் அரிதான அம்முதியவர் இருளில் எழுந்து தாமே வந்துவிட்டார். கடிந்துகொள்ளவும் இல்லை. “பாட்டுக் கேட்கிறாயா அப்பா? கேள், கேள்” என்றார். இடையில் வழுக்கி வீழ்ந்திருப்பின் என்னாகியிருக்கும் என்று எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது. கருவி தன் கடமையைச் செவ்வனே செய்தது. தடுக்க வேண்டியது இது, தடுக்க வேண்டாதது இது எனப் பகுத்தறியும் கடமை என்னுடையது. அதனை யான் கருவியிடம் விட்டுவிட்டேன்.

செவிநலம்

இவ்விடத்துப் பெரியதொரு செய்தியைக் கூறுதல் வேண்டும். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெலும் இரவில் 45 டெசிபெலும் ஓசையின் எல்லை என்று நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் வகுத்துள்ளன. பெருஞ்சாலை அருகு வாழ்வார் அவ்வெல்லை பெரும்பாலும் ஏட்டளவில் நிற்றலை அறிவர். சூழும் ஓசை 70 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். திறந்த கருவியில் அதற்கு மேலெழுந்து பாட்டுக் கேட்கவேண்டின் 80 டெசிபெல் வேண்டும். மூடிய கருவி ஓசையை 20 டெசிபெல் குறைப்பின், 60 அல்லது 65 டெசிபெலிலேயே பாட்டு இனிது விளங்கும்.

வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரத்துக்கு மேற்படக் கேட்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்த வரம்பு. ஒலி 3 டெசிபெல் கூடுந்தோறும் ஆற்றல் இருமடங்காகின்றமையால், கேட்கும் நேரத்தைப் பாதியாக்கல் வேண்டும். 83-இல் 20 மணி. 86-இல் 10 மணி. 89-இல் 5 மணியே. உட்செவியிலுள்ள மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் கருவி வாங்குவார், விலையின்றி வந்த கருவியைக் கெடுத்துக்கொள்ளுதல் பேதைமையாகும். சந்தடியுள்ள இடத்தில் திறந்த கருவியை உரக்க வைத்தலினும், மூடிய கருவியை மெல்ல வைத்தலே செவிக்கு நலம். ஆனால் சாலையைக் கடக்கும்போதும், ரயில் நடைமேடையிலும் எவ்வகையும் ஆகாது.

விலையும் தகுதியும்

விலை மிக்கதே தகுதி மிக்கது என்னும் மயக்கம் மாணவரிடை உண்டு. 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களை அளந்து, அவற்றின் ஒலிச்சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பில்லை என்று கண்டனர். அமெரிக்காவில் ஷான் ஆலிவ் முதலானோர் செய்த சோதனைகளிலோ, நல்லதோர் அறையில் நல்ல ஒலிபெருக்கி ஒலிப்பதுபோல் ஒலிக்கும் ஹெட்போனையே கேட்போருட் பெரும்பாலோர் விரும்பினர். ஆகவே, மூடியதா திறந்ததா என்னும் வினாவினும், சுரங்களெல்லாம் தத்தம் அளவில் நிற்கின்றனவா என்னும் வினாவே முற்பட எழவேண்டும். எச்.டி. 800 போன்ற 300 ஓம் தடையுள்ள கருவிகளுக்குக் கைப்பேசியின் ஆற்றல் போதாது. தனி ஆம்ப்ளிபையர் வேண்டும் என்பதனையும் செலவுக்கணக்கிற் சேர்த்துக்கொள்க. நமக்குப் பழகிய பாட்டை எடுத்துச்சென்று, கடையில் அரைமணி நேரமேனும் அணிந்து கேட்டபின் வாங்குதல் அறிவுடைமை. மார்கழியில் வேளச்சேரியினின்று பறக்கும் ரயிலேறித் திருமயிலையில் இறங்கி, ஒரு கச்சேரியை நேரிற் கேட்டுவந்த செவியே இச்சோதனைக்கு ஏற்ற அளவுகோல்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், தனியறையும் அமைதியும் உடையார்க்குத் திறந்த வகையும், சந்தடியிடையோ பிறரோடு ஓரறையிலோ வாழ்வார்க்கு மூடிய வகையும் ஏற்றன என்பது பெறப்படும். திறந்த வகை நம் இன்பத்தால் பிறரை வருத்தக்கூடும். மூடிய வகை பிறர் துன்பத்தை நமக்கு மறைக்கக்கூடும். இவ்விரண்டனுள் எதனை நாம் செய்யும் அச்சமுளதோ, அதனை எண்ணித் தேர்தல் வேண்டும். யான் இப்போது மூடிய கருவியையே அணிகின்றேன். ஆயின் பாட்டியார் உறங்கியபின்னரே அணிகின்றேன். அவர் கட்டிலருகே ஒரு செம்பு நீரும் வைத்தபின் அணிகின்றேன். ஒரு செவியைப் பாதி திறந்து வைக்கின்றேன். அதனால் தொப்பி ஓசையிற் சிறிது ஒழுகிப் போகின்றது. போகட்டும்.